வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் மூன்று மில்லிமீட்டர் குளவியும்

வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தால் உருகுகிறோம், குளவியைப் பார்த்தால் அடிக்கக் கை ஓங்குகிறோம். இந்த ஓரவஞ்சனை எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. பீரிஸ் பிராசிக்கே எனும் பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சியையும், அதன் புழுவுக்குள் முட்டையிடும் கோட்டீசியா குளோமெராட்டா என்ற குளவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வண்ணத்துப்பூச்சி அழகுதான், மறுக்கவே மாட்டேன். வெள்ளை இறக்கை, நுனியில் கருப்பு, பெண்ணுக்கு முன்னிறக்கையில் இரண்டு கரும்புள்ளி. ஆனால் முட்டைக்கோசு இலையில் அது கொத்தாக முட்டை வைத்துவிட்டுப் போனால், பொரிக்கும் புழுக்கள் கூட்டமாக மேய்ந்து நரம்பை மட்டும்தான் மிச்சம் வைக்கும்.

குளவி நம்மைக் கொட்டாது. வளர்ந்த பிறகு அதுவும் பூந்தேன் குடிக்கிற ஜீவன்தான். புழு கடித்த இலை விடும் வாசனையை வைத்தே புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இளம்புழுவுக்குள் முட்டைகளோடு ஒரு வைரஸையும் செலுத்துகிறது. புழுவின் எதிர்ப்புச் சக்தி அடங்கிப்போகிறது. அந்த வைரஸ் வெளியிலிருந்து தொற்றியதல்ல. அதற்கான மரபணுக்கள் குளவியின் மரபணுக்களோடு கலந்து, தலைமுறை தலைமுறையாக வருகின்றன. இவ்வளவும் அந்தத் துளியூண்டு உடம்புக்குள்!

கொடூரம் இல்லையா என்றால், ஆமாம், பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். குளவியின் குஞ்சுப்புழுக்கள் தோலைத் துளைத்து வெளியே வந்து மஞ்சள் பட்டுக்கூடு கட்டும். துளைபட்ட புழு உடனே சாகாது. அந்தக் கூடுகளின் மேல் தானே நூல் இழைத்துப் போர்த்தி, சாகும்வரை அங்கேயே கிடக்கும். அதற்காகக் குளவியை வில்லன் ஆக்குவதை என்னால் ஏற்க முடியாது. இலையைத் தின்பது புழுவின் பிழைப்பு என்றால், புழுவைத் தின்பது இதன் பிழைப்பு.

பெரிய வெள்ளையின் உறவான சிறிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி 1860 வாக்கில் வட அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, கோசுப் பயிரைப் பதம் பார்த்தது. 1880களில் இந்தக் குளவியைத்தான் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்த மண்ணின் சொந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுக்களையும் அது விட்டுவைக்கவில்லை. அந்தப் பழி கொண்டுபோன மனிதர்களுக்குத்தான்.

என் ஆதங்கம் வேறு. வாடிக் கிடக்கும் புழுவின் பக்கத்தில் மஞ்சள் கொத்தைக் கண்டதும், "புழு முட்டை போட்டிருக்கு" என்று நசுக்கிவிடுகிறார்கள். புழு முட்டையிடாது. வண்ணத்துப்பூச்சி முட்டை என்றால் வரிவரியாக, ஒவ்வொன்றும் இலையில் செங்குத்தாக நிற்கும். குளவிக்கூடு பஞ்சு சுற்றியதுபோல் படுத்திருக்கும். பஞ்சு தெரிந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள்.