குறைக்க இன்னும் என்ன மிச்சம்?

வீண் செலவைக் குறைத்தாலே நடுத்தரக் குடும்பங்கள் தலைநிமிர்ந்துவிடும் என்று உங்கள் இதழில் ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சரி, என் கணக்கு நோட்டைச் சொல்கிறேன். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கிலோ துவரம்பருப்பு 18ஆம் தேதி வரை தாங்கும். அப்புறம் ரசம், புளிக்குழம்புதான். போன வருடம் ஞாயிற்றுக்கிழமை மீனை நிறுத்தினோம். இந்த வருடம் மகளின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. நோட்டில் அந்த ஃபீஸ் வரியை அடிக்கும்போது கை ஓடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இதில் எது வீண் செலவு?

நாட்டின் மொத்தச் சொத்தில் 40 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினர் கையில் இருக்கிறது. 2022-23 நிலவரத்தை வைத்து உலக சமத்துவமின்மை ஆய்வகம் சொன்ன கணக்கு இது. பணக்காரர்களின் சொத்து மதிப்பின் மேல் மத்திய அரசு போட்ட செல்வ வரியை (வீட்டுக்குக் கட்டும் சொத்து வரி இல்லை) 2015 பட்ஜெட்டிலேயே எடுத்துவிட்டார்கள். 2019இல், மற்ற வரிச் சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு வருமான வரியை 22 சதவீதமாக இறக்கினார்கள். எனக்கு என்ன இறங்கியது? துணி சோப்புக்கு நான் கட்டும் ஜிஎஸ்டியும் கோடீஸ்வரர் வீட்டில் கட்டும் ஜிஎஸ்டியும் ஒரே விகிதம்தான். என் வருமானத்தில் அது கடிக்கும் அளவு வேறு.

சிக்கனம் எங்களுக்குப் புதிதில்லை, அம்மா காலத்திலிருந்தே பழக்கம். செல்வ வரி திரும்ப வர வேண்டுமா என்று ஒரு கட்டுரை எழுதுங்கள் ஐயா, முதல் ஆளாகப் படிக்கிறேன். ஜூன் மாதம் எப்படியாவது மகளை அந்த வகுப்பில் திரும்பச் சேர்த்துவிட வேண்டும்.