பொன்னாடைக் காசில் பந்து வாங்குங்கோ

நம்ம கல்லூரிக் கூடைப்பந்து அணி திரும்பவும் வெல்லத் தொடங்கியிருக்கு. திருகோணமலை முழுக்க வெடி, பாண்ட் வாத்தியம், பொன்னாடை. கொண்டாடுங்கோ, பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள். ஆனால் 'பழைய இரத்தம் திரும்பிட்டுது' என்று மட்டும் எழுதாதேங்கோ. கிழக்கில் இந்த விளையாட்டை வளர்த்தவர்கள் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார். 1990இல் காணாமற்போன ஹெபர்ட் அடிகளார் மட்டக்களப்பிலும் இங்கேயும் பிள்ளைகளைப் பழக்கியவர். அந்தப் பெருமை நமக்கு உண்டு. பெருமை எழும்பி றீபவுண்ட் (ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து) எடுக்காது.

அணி மாறினது ப்ரீ த்ரோவில், அதாவது எதிரணியின் பவுலுக்கு (விதிமீறலுக்கு) யாரும் மறிக்காமல் கிடைக்கும் எறியில். ஒரு குவாட்டரில் (ஆட்டத்தின் கால்பகுதியில்) எதிரணி நாலு பவுல் செய்துவிட்டால், அதற்குப் பிறகு பந்து வைத்திருக்கும் அணியில், ஷூட் எடுக்காத ஆளில் செய்யும் ஒவ்வொரு பவுலுக்கும் இரண்டு எறி. நெருக்கமான ஆட்டங்கள் பலதும் ரிங் பூட்டிய போர்டிலிருந்து 4.6 மீற்றர் தள்ளியிருக்கும் அந்தக் கோட்டில்தான் தீரும். முன்பு பயிற்சி தொடங்கினவுடனே, களைப்பே இல்லாமல், வரிசையாக ஐம்பது எறிவார்கள். மட்ச்சில் கால் சோர்ந்ததும் முழங்கால் மடியாது, கையால் மட்டும் தள்ளுவார்கள், பந்து ரிங்கின் முன்விளிம்பில் முட்டித் திரும்பும். இப்போது கோர்ட்டில் நாலு தரம் முழு வேக ஓட்டம், மூச்சு அடங்க முதல் இரண்டே எறி, திரும்ப ஓட்டம். மட்ச்சில் கிடைப்பதும் அப்படித்தானே!

அடுத்தது மறிப்பு. ஷூட் போனதும் ஐந்து பேரும் பந்தை அண்ணாந்து பார்த்தால் றீபவுண்ட் எதிரணிக்குத்தான். முதலில் தன் ஆளைத் தேடி, முதுகைக் கொடுத்து, இடுப்பைத் தாழ்த்தி மறிக்க வேணும், பிறகுதான் பந்து. உயரம் குறைந்த அணி பிழைக்கிற வழி இதுதான்.

கோர்ட்டையும் கொஞ்சம் கவனியுங்கோ. கச்சான் காற்று வீசும் காலத்தில் பின்னேரக் காற்று தூர ஷூட்டை இழுத்துவிடும், சீமெந்தில் மணலையும் கொட்டும். கூட்டாமல் ஆடினால், ஓடிப்போய் ரிங்குக்குக் கிட்ட நின்று போடும் லே-அப்புக்குக் கால் ஊன்றுகிற இடத்தில் வழுக்கிக் கணுக்கால் பிரளும். ரிங்கின் உயரத்தை அளவு நாடா பிடித்து அளந்து பாருங்கோ: எல்லாப் பக்கமும் 3.05 மீற்றர் இருக்க வேணும். பிடித்துத் தொங்கியே முன்பக்கம் சரிந்திருக்கும், உப்புக்காற்று போல்ட்டை அரித்திருக்கும். சரிந்த ரிங்கில் பழகினவன் வெளியூர்க் கோர்ட்டில் தடுமாறத்தான் செய்வான்.

இதையெல்லாம் விடப் பெரிய கவலை ஒன்று. உயர்தரப் பரீட்சையோடு மூத்த பிள்ளைகள் போய்விடுவார்கள். கீழே யார் இருக்கிறார்கள்? ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் பெரியவர்கள் ஆடும் 7ஆம் இலக்கப் பந்தைக் கொடுத்தால் பாரம் தாங்காமல் இடுப்பிலிருந்து தூக்கித்தான் எறிவான். அந்தப் பழக்கத்தைப் பதினேழு வயதில் திருத்துவது பெரும்பாடு. சின்னவர்களுக்கு அதைவிடச் சிறிய 5ஆம் இலக்கப் பந்து, 2.60 மீற்றர் உயரத்தில் ஒரு ரிங். சீமெந்துக்கு ரப்பர் பந்தே போதும்.

பழைய மாணவர் அண்ணாமாரே, பாராட்டு விழாவுக்குச் சேர்த்த காசில் முதலில் அந்தப் பந்துகள். மிஞ்சினால் ரிங் போல்ட். அதற்கும் மேல் மிஞ்சினால் பொன்னாடை.