நான் கேட்காமல் விட்டவை

இந்த சீசனில் எங்கள் டிரையத்லான் குழுவிலிருந்து பதினொரு பேர் போட்டிக்குப் போனார்கள். எட்டுப் பேர் மெடலைக் கடித்துக்கொண்டு படம் போட்டுவிட்டார்கள். கீழே வாழ்த்து மழை. 'எல்லாம் மாஸ்டரால்தான்' என்று எனக்கும் அதில் ஒரு பங்கு. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்த எட்டில் ஐந்து பேர் நான் இல்லாவிட்டாலும் முடித்திருப்பார்கள்.

படம் போடாத மூன்று பேரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூவரிடமும் கேட்டுவிட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

தெரியாதவர்களுக்காக: டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் செய்வது. ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். அதற்குமேல் அரை அயர்ன்மேன், முழு அயர்ன்மேன் என்று போகும். உடை மாற்றுகிற நேரமும் கணக்கில்தான்.

முதல் ஆள் ஒரு பள்ளி ஆசிரியை. கடலூர்க்காரர், 28 வயது. ஒலிம்பிக் தூரத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். 25 மீட்டர் குளத்தில் 30 முறை போய் வந்தால் 1.5 கிலோமீட்டர். அதை 34 நிமிடத்தில் முடிப்பார். நான் கரையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று 'சூப்பர்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு 25 மீட்டருக்கும் கைக்கு ஒரு சுவர் கிடைக்கிறது, அடியில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது, கழுத்தளவு தண்ணீரில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து நின்றுவிடலாம். இந்த மூன்றும் கடலில் கிடையாது. இதை நான் யோசிக்காமல் இல்லை. சில்வர் பீச்சில் நாலு முறை இறக்கிப் பழக்கினேன். நாலு முறையும் அலை அடங்கிய காலை நேரம், பக்கத்திலேயே நான்.

போட்டியன்று முதல் மிதவைக்குப் போகும் வழியில் யாரோ ஒருவருடைய கால் அவர் கண்ணாடியில் பட்டிருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு அலைக்கு நடுவே கரை தெரியவில்லை. நாலு பக்கமும் தண்ணீர். மூச்சு மேலே ஏறிவிட்டது. கையைத் தூக்கினார், பாதுகாப்புக்கு நிற்கும் சிறு படகான கயாக் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டார். அந்த நொடியில் 'தொட்டுட்டோம், அவுட்' என்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். அதோடு போட்டி முடிந்தது.

கயாக்கைப் பிடித்தால் அவுட் இல்லை. பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், கண்ணாடியைச் சரி செய்யலாம், பிறகு விட்ட இடத்திலிருந்து நீந்தலாம். அந்தப் படகு நம்மை முன்னால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான். இது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இரண்டே நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், மிச்சத்தை நீந்தியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவில்லை. திண்டிவனம் தாண்டியதும் சொன்னார், "மாஸ்டர், சுனாமி வந்தப்ப எனக்கு ஏழு வயசு. தேவனாம்பட்டினத்துல ஆயா வீட்ல இருந்தோம்." அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாள் சேரும்போது எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுப்பேன். உயரம், எடை, காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு, 5 கிலோமீட்டர் ஓட எத்தனை நிமிடம் என்று இருபது கேள்விகள். கடலைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலில் ஆட்களை இறக்கும் வேலையைச் செய்துகொண்டு, கடலைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் படிவம் அச்சடித்தவன் நான்.

இப்போது அவருக்கு ஸ்டாப்வாட்ச் கிடையாது. வாரம் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை உள்ளே வைத்து மூச்சை விடுவதுதான் பயிற்சி. பயம் வந்தால் ஆள் மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பார், வெளியே விட மாட்டார். விடப் பழகினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் எங்களுக்கு இலவச ஆலோசகர். தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்குத் தெண்டி இழுக்குது தம்பி, தெக்கால எறங்கி வடக்கால ஏறுங்க" என்பார். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்று பெயர், எதிர்த்திசையில் ஓடினால் வன்னி. என் செல்போனில் இருக்கும் மூன்று வானிலை ஆப்பிலும் இது வராது.

இரண்டாவது ஆள் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், வயது 47. கோவாவில் அரைத் தூரம் போனார். 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். சைக்கிள் விலையைச் சொன்னால் நீங்கள் என்னோடு பேசமாட்டீர்கள். மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் எத்தனை வாட் என்று காட்டும் மீட்டர் வரை உண்டு. மரக்காணம் உப்பளம் வரை போய் வரும் நீண்ட பயிற்சியில் ஒரு நாளும் தவறியதில்லை. கணக்குப்படி ஆறரை மணி நேரத்தில் முடித்திருக்க வேண்டும்.

ஏழே முக்கால் ஆனது. ஓட்டத்தில் பாதிக்குமேல் நடந்தே வந்தார். தலைவலி, குமட்டல். முடித்த பிறகு கல்யாண மோதிரம் விரலில் இறுகிவிட்டது, சோப்புப் போட்டும் கழலவில்லை. வெயிலில் தண்ணீர் வற்றிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன், 'இன்னும் குடிங்க சார்' என்று பாட்டிலை நீட்டினேன். நல்லவேளை, குமட்டலில் அவர் வாங்கவில்லை. அறைக்கு வந்து எடை பார்த்தோம். காலையில் 74.2. இப்போது 75.1.

அத்தனை நேரம் வியர்வை கொட்டியவருக்கு எடை கூடியிருக்கிறது என்றால் தேவைக்குமேல் தண்ணீர் குடித்திருக்கிறார், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். இது முற்றினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. உடனே டாக்டரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பி.பி. மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" சாப்பிடுகிறாராம், இரண்டு வருஷமாக. சிறுநீர் வழியாக உப்பை வெளியே தள்ளும் வகை மாத்திரை. வீட்டிலும் அவருக்குத் தனியாக உப்புக் குறைத்துத்தான் சமையல்.

எனக்குத் தெரியாது. படிவத்தில் 'நோய் ஏதும் உண்டா' என்று கேட்டிருந்தேன். 'இல்லை' என்று எழுதியிருந்தார். பி.பி.யை நம் ஊரில் யார் நோய் என்று சொல்கிறார்கள்? நான் வேறு மே மாதம் முழுக்க 'தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க' என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லியிருக்கிறேன். ஒழுக்கமான மனிதர். சொன்னதைச் செய்தார், வழியில் தண்ணீர் வைத்திருந்த ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கப்.

இப்போதெல்லாம் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எல்லோரும் எடை பார்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வெயிலில் ஒருவருக்கு அரை லிட்டர் போகும், பக்கத்தில் ஓடுபவருக்கு ஒன்றரை. குளிர் ஊரில் போட்ட அட்டவணையை அப்படியே கடலூர் மே மாதத்துக்குக் கொண்டுவந்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். பாட்டிலில் இப்போது உப்புப் போட்ட மோர், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் டாக்டரைக் கேட்ட பிறகுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் சொதப்புவது இந்த விளையாட்டுக்குப் பிறவிக் குணம். 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்த முதல் அயர்ன்மேனில் 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்தவருக்கு ஓட்டத்தில் தண்ணீர் தீர்ந்துபோய், கூட வந்தவர்கள் பியரைக் கொடுத்து ஓடவிட்டார்களாம். புதுச்சேரி நண்பர்கள் இந்த வரியை மட்டும் தனியாக எடுத்துப் பகிர வேண்டாம்.

இன்னொன்று. 2016-இல் மெக்சிகோவின் கோசுமேலில் நடந்த டிரையத்லான் போட்டியில் தள்ளாடிய தம்பி ஜானி பிரவுன்லீயை அண்ணன் அலிஸ்டர் தோளில் தாங்கி வந்து முடிவுக் கோட்டைத் தாண்டித் தள்ளிவிட்ட வீடியோவை மாதம் ஒருமுறையாவது யாராவது எனக்கு அனுப்புகிறார்கள். பாசம்தான், கண் கலங்கும்தான். ஆனால் அந்தத் தம்பி அப்போதுதான், ஒரு மாதம் முன்பு, ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். அவரையே அந்தப் புழுக்கம் கவிழ்த்துவிட்டது, கடைசிக் கொஞ்ச தூரத்தில், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது. கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தாலே ஜெயித்திருப்பார். அண்ணன் பாசத்தைப் பார்க்கிற நாம் அந்த வெயிலையும் கொஞ்சம் பார்க்கலாம்.

மூன்றாவது பையனுக்கு 19 வயது. மீனவக் குடும்பம். 750 மீட்டர் நீச்சல், 20 சைக்கிள், 5 ஓட்டம். தண்ணீரிலிருந்து முதல் ஆளாக வந்தான். இரண்டாவது ஆள் வருவதற்குள் ஹெல்மெட் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கோட்டைத் தாண்டி ஏறிவிட்டான். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. 20 கிலோமீட்டர் முடிவதற்குள் பதினாலு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். போதாக்குறைக்கு, சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டும் முன் ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட்டான் என்று ஓரமாக நிறுத்தி வேறு வைத்தார்கள். வாரைக் கழற்றியது அவன் தப்பு, நூறு முறை சொன்னது.

சைக்கிள் விஷயம் அப்படி இல்லை. அவனுடைய கால் என்ன பலம் என்று எனக்குத் தெரியும். ஓட்டத்தில் ஏழு பேரைத் திரும்பப் பிடித்தான். பின்னே சைக்கிளில் ஏன் அப்படி? 'கியரை மாத்தலையா, பயமா, எதிர்க்காத்தா' என்று நானே காரணங்களை அடுக்கி, நானே பதிலும் சொல்லிக்கொண்டு ஒரு வாரம் திட்டினேன். ஒரு வாரம் கழித்துத்தான் வாயை மூடிக்கொண்டு, "நீ சொல்லுடா" என்றேன்.

"சார், அது அந்த அண்ணனோட சைக்கிளு. கீறல் விழாம திருப்பிக் குடுக்கணும்னுதான் பாத்துப் பாத்து ஓட்டினேன்."

நானே கடன் வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர். நான்தான் கையில் கொடுக்கும்போது, "ஒண்ணேகால் லட்சம்டா, பத்திரம்" என்று சொல்லியிருக்கிறேன்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் யார் வீட்டு மாடியிலாவது பழைய ரோடு பைக் சும்மா சாய்ந்து கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். 52 அல்லது 54 சைஸ். டயர், செயின் நான் மாற்றிக்கொள்கிறேன். நியாயமான விலை தருகிறேன், இரண்டு தவணையில். ஏற்கெனவே நாலு கீறல் விழுந்ததாக இருந்தால் ரொம்ப நல்லது.