மீதி 403 பந்துகள்

வார இறுதிகளில் நெட்ஸில் (வலை கட்டிய பயிற்சி இடத்தில்) சின்னப் பையன்களுக்குப் பந்து போட்டுக்கொடுப்பேன். போன வாரம் ஒருவன், ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு முழம் வெளியே போகிற பந்தையெல்லாம் துரத்தித் துரத்தி ஆடிக்கொண்டிருந்தான். ஆறில் மூன்று மட்டை விளிம்பில் பட்டுப் பின்னால் பறந்தன. "அதை ஏன்டா தொடுற?" என்றேன். "சச்சின் கவர் டிரைவ்ண்ணா, போன்ல பார்த்தேன்" என்றான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தை முன்னால் வந்து அடிக்கிற ஷாட் அது. முழங்கை உயரம், மட்டை வந்து முடிகிற இடம், எல்லாம் அச்சு அசல் அப்படியே. எந்தப் பந்துக்கு ஆட வேண்டும் என்பது மட்டும் அந்த வீடியோவில் இல்லை.

பழைய ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பிள்ளைகள் வளர்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர்களுக்கு நாம் எதைப் பார்க்கக் கொடுக்கிறோம் என்பதில்தான் வருத்தம்.

அவனை உட்காரவைத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 2004 சிட்னி டெஸ்ட் கதையைச் சொன்னேன். அந்தத் தொடரில் அதுவரை சச்சின் எடுத்தது 0, 1, 37, 0, 44. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தை டிரைவ் ஆடப்போய்த்தான் விக்கெட்டைக் கொடுக்கிறோம் என்று அவருக்கே தோன்றியது. சரி, இனி கவர் டிரைவே வேண்டாம் என்று முடிவெடுத்து இறங்கினார். உலகமே ரசித்த ஷாட்டை ஒருவர் தானாகவே பூட்டி வைத்துவிட்டு ஆடுகிறார், யோசித்துப் பாருங்கள்! வெளியே வந்ததை விட்டார், காலுக்கு வந்ததை அடித்தார். 436 பந்தில் 241, ஆட்டமிழக்கவில்லை. அதில் பவுண்டரி 33. ஹைலைட்ஸில் நாம் பார்ப்பது அந்த 33-ஐத்தான். மீதி 403 பந்துகளில்தான் பாடமே இருக்கிறது.

கோலியையும் பாருங்கள். 2014 இங்கிலாந்துத் தொடரில் பத்து இன்னிங்ஸில் மொத்தமே 134 ரன். ஊர் திரும்பியதும் சச்சினிடம் போனார். வேகப்பந்துக்கும் முன்காலை நன்றாக எடுத்து வைத்து ஆட வேண்டும் என்று அவர் சொன்னதை வைத்து உழைத்தார். 2018-ல் அதே இங்கிலாந்தில் 593 ரன். போஸ்டரில் பார்த்த ஆளிடம் நேரில் போய் "எனக்கு இது வரவில்லை" என்று சொல்ல முடிந்ததே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் இந்தியப் பெண்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி. 1997-ல் ஈடன் கார்டனில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பவுண்டரிக்கு வெளியே பந்து பொறுக்கிப் போட்ட 15 வயதுப் பெண். பெலிண்டா கிளார்க்கின் ஆஸ்திரேலிய அணி கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி வந்ததைக் கண்ணெதிரே பார்த்தார். நாமும் ஒருநாள் நாட்டுக்காக ஆட வேண்டும் என்று அன்றே மனதில் விழுந்துவிட்டது. ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட் எடுத்துவிட்டுத்தான் 2022-ல் ஓய்வு பெற்றார். அவர் பார்த்ததும் துண்டுக் காட்சி இல்லை, ஒரு முழு ஆட்டம்.

பயிற்சியாளர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். மாதத்துக்கு ஒரு நாளாவது ஒரு பழைய டெஸ்ட்டின் ஒரு செஷனை, அதாவது இரண்டு மணி நேர ஆட்டத்தை, வெட்டாமல், ஓட்டாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பந்தை விடும்போது தலை எங்கே இருக்கிறது, அடி வாங்கிய அடுத்த பந்துக்குக் கால் எப்படி நகர்கிறது என்று காட்டுங்கள். ஒளிபரப்பு உரிமை வைத்திருப்பவர்களும் பழைய ஆட்டங்களை நாள் முழுக்க ஓடுகிற பதிவாகவே வெளியே விட வேண்டும். அந்தப் பையன் என்னிடம் சிட்னி ஆட்டம் முழுசாக எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறான். தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.