ஊர்ப்புறத் தொகுதிகளுக்கு உண்மையில் கூடுதல் எடை உண்டா?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஊர்ப்புற வாக்குக்கு நகர வாக்கைவிடக் கூடுதல் எடை இருப்பதாக நான் படித்த ஒரு கட்டுரை கூறுவது இன்றைய நிலைக்குப் பொருந்தாது. வாக்குரிமையின் நோக்கம் வெறும் எண் சமத்துவம் அன்று, பயனுள்ள பிரதிநிதித்துவமே என்று கூறி, தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 25 விழுக்காடு வரை கூடவோ குறையவோ செய்வதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1991-இல் ஏற்றது உண்மைதான். ஆனால் பின்னர் மாகாணச் சட்டமே அந்த வரம்பை 5 விழுக்காடாகக் குறுக்கிவிட்டது. வடக்கேயுள்ள அதபாஸ்கா, கம்பர்லாந்து ஆகிய இரண்டு தொகுதிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. மக்கள் நகரங்களுக்குப் பெயரப் பெயர, எண்ணிக்கையை ஈடுகட்ட ஊர்ப்புறத் தொகுதிகள் பரப்பில் விரிகின்றன; தென்மேற்கிலுள்ள சைப்ரஸ் ஹில்ஸ் போன்ற தொகுதிகளின் உறுப்பினர் சிற்றூர் சிற்றூராகச் சுற்ற வேண்டிய தொலைவு எவ்வளவு என்பதைக் கட்டுரை எண்ணிப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

2024 தேர்தலில் வலதுசாரியான சஸ்காச்சுவான் கட்சி 34 இடங்களையும், ரெஜைனா நகரம் முழுவதையும் கைப்பற்றிய இடதுசாரியான புதிய ஜனநாயகக் கட்சி 27 இடங்களையும் பெற்றதை வைத்து, ஊர்ப்புறம் என்றுமே வலதுசாரிகளின் பக்கம்தான் என்று முடிவு கட்டுவதும் சரியன்று. பொது மருத்துவக் காப்பீட்டுக்கு அடித்தளமிட்ட இடதுசாரித் தலைவர் டாமி டக்ளஸ், 1944 முதல் தாம் மாகாண முதல்வராக இருந்த காலம் முழுவதும் சட்டமன்றத்தில் அமர்ந்தது, கோதுமை வயல்கள் சூழ்ந்த வெய்பர்ன் தொகுதியின் உறுப்பினராகத்தான்.