அமெரிக்கக் கல்வித் துறை மூடப்பட்டுவிட்டதா?

"டிரம்ப் ஒரே கையெழுத்தில் கல்வித் துறையை ஒழித்துவிட்டார், இனி கல்விக் கடனும் கிடையாது, வெளிநாட்டு மாணவர்களுக்கு விசாவும் கிடையாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு.

2025 மார்ச் 20 அன்று டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டது உண்மைதான். ஆனால் அந்த ஆணை, துறையை மூடுவதற்கான நடவடிக்கைகளை "சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" எடுக்குமாறு கல்வி அமைச்சர் லிண்டா மக்மேனைப் பணிக்கிறது. அந்தச் சொற்களை விட்டுவிட்டுப் பரப்புவதுதான் கோளாறு. இத்துறை 1979இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானது. அதை ஒழிக்கவும் நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும்.

அதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. துறையின் ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. சுமார் 1,400 பேரின் பணிநீக்கத்தைக் கீழமை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. வழக்கு நடக்கும்போதே பணிநீக்கத்தைத் தொடரலாம் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அனுமதித்தது. நவம்பரில் பல திட்டங்களின் நிர்வாகத்தைத் தொழிலாளர் துறை உள்ளிட்ட பிற துறைகளுக்கு மாற்றும் ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன. இவை கவலைக்குரிய மாற்றங்கள்தான்.

வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையும் கூட்டாட்சிக் கல்விக் கடனும் தனிச் சட்டத்தின்கீழ் வருபவை. இந்த ஆணை அவற்றை ரத்து செய்யவில்லை.

விசா வழங்குவதற்கும் இத்துறைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மாணவர் விசாவுக்குத் தேவையான சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. மாணவர் பதிவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கண்காணிக்கிறது. விசா வழங்குவது சென்னையில் உள்ளதைப் போன்ற துணைத் தூதரகங்கள். அவை வெளியுறவுத் துறையின்கீழ் இயங்குபவை.