கவுன்சலிங் மாணவர்களுக்கு நான் மார்க் போடும் விதம்

"கார்ல் ராஜர்ஸ் கூறும் மூன்று அடிப்படைப் பண்புகளை விளக்குக." கவுன்சலிங் படிக்கிற எந்த மாணவரும் அமெரிக்க உளவியலாளர் ராஜர்ஸ் பற்றிய இந்தக் கேள்வியை விடமாட்டார். ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, அவருடைய 1957ஆம் ஆண்டுக் கட்டுரை என்று இரண்டு பக்கம் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கிவிடுவார். அடுத்த வாரம் அதே மாணவரைச் சக மாணவர் ஒருவர் எதிரே உட்காரவைத்து, "சும்மா கேளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, புத்திமதி ஆரம்பித்துவிடும்.

அதனால்தான் என் வகுப்பில் மார்க்கின் பெரும்பகுதியை, மாணவர்கள் கேட்டுப் பழகும் பயிற்சியின் ஒலிப்பதிவுக்கும் அதைப் பற்றி அவர்கள் எழுதுவதற்கும் ஒதுக்குகிறேன். இது சக ஆசிரியர்கள் சிலருக்குப் பிடிப்பதில்லை. "கேட்கற திறமையெல்லாம் பிறவியிலேயே வரணும். சொல்லிக்கொடுத்து வராது. தியரியையாவது உருப்படியாக நடத்துங்கள்" என்கிறார்கள். நல்ல சாக்கு. 1960களின் பிற்பகுதியிலேயே அமெரிக்க உளவியலாளர் ஆலன் ஐவியும் அவருடைய குழுவினரும் கேட்கும் திறனைச் சின்னச் சின்னப் பழக்கங்களாகப் பிரித்துவிட்டார்கள். எங்கே பார்க்கிறோம், எப்படி உட்காருகிறோம், எந்தக் குரலில் பேசுகிறோம், எதிரில் இருப்பவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோமா அல்லது நாமாக ஒரு திசைக்கு இழுக்கிறோமா? ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்து, போட்டுக் காட்டி, திரும்பச் செய்யவைத்தார்கள். ஒருவர் மனதில் ஈரம் இருக்கிறதா என்று அளக்க எனக்குத் தெரியாது. எதிரில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் வாயைத் திறந்தாரா என்று பார்க்கத் தெரியும். அதற்கு மார்க் போடவும் தெரியும்.

செய்முறை எளிது. மூன்று மூன்று பேராகப் பிரிந்து ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், ஒருவர் கவனிப்பார். பேசுகிறவர் கற்பனைக் கதை சொல்லக் கூடாது. நடிக்கச் சொன்னால் எல்லோரும் பெரிய துக்கத்தைத்தான் நடிக்கிறார்கள், கேட்கிறவரும் பெரிய ஆறுதலை நடிக்கிறார். சொந்த விஷயம்தான் வேண்டும், ஆனால் சின்னதாக இருக்க வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் வேலை, அறைத்தோழியோடு மனக்கசப்பு, இந்த அளவு. ஆறாத காயத்தைக் கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். நான் மார்க் போடும் ஆசிரியர். நானே அவர்களுக்குச் சிகிச்சை தருகிறவராகவும் ஆகிவிட்டால் இரண்டும் கெட்டுப்போகும். பேசுகிறவர் என்ன சொன்னார் என்பது மதிப்பீட்டில் சேராது. அவர் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகே பதிவு செய்வோம். பருவம் முடிந்ததும் அழித்துவிடுவோம்.

பயிற்சியில் கேட்பவராக இருந்தவரே பதிவைப் போட்டு, அதை வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். பக்கத்தில் நெடுக்காக நான்கு பத்தி. அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது என் மனதில் ஓடியது, இப்போது யோசித்தால் என்ன சொல்லியிருப்பேன். உயிர் இருப்பது மூன்றாவது பத்தியில்தான். பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் ஒரு வகை உண்டு, அதன் சாரத்தை இங்கே தருகிறேன். இதில் "நான்" என்பது மாணவர்.

அவர்: "இப்பல்லாம் அம்மா போன் பண்ணினா எடுக்கறதே இல்ல."

நான்: "அச்சச்சோ, பாவம் இல்லையா அவங்க? ஒரு ரெண்டு நிமிஷமாவது பேசிடுங்களேன்."

மூன்றாவது பத்தியில் மாணவர் எழுதுவார்: "நேற்று நானும் எடுக்கவில்லை." 

இதைக் கண்டுபிடிக்க அவருக்கு நான் தேவையில்லை, ஒலிப்பதிவு போதும். நான்காவது பத்தியில் பெரும்பாலும் "எடுக்கணும்னே தோணலையா?" என்பதுபோல ஏதாவது இருக்கும். அது பிரமாதமான வாக்கியம் இல்லை. ஆனாலும் கதவு திறந்திருக்கிறது, பேசுகிறவர் உள்ளே போகலாம்.

மார்க் பெரும்பாலும் இந்த மூன்றாவது, நான்காவது பத்திகளுக்குத்தான். பேச்சு சொதப்பியிருந்தாலும் எழுத்து நேர்மையாக இருந்தால் நல்ல மார்க். பேச்சு வழவழவென்று போய், மூன்றாவது பத்தியில் "அவருடைய உணர்வைப் புரிந்துகொண்டேன்" என்று எட்டு இடத்தில் எழுதியிருந்தால் குறைத்துவிடுவேன். இது அநியாயம் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இந்த ஒலிப்பதிவு விஷயம் என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ராஜர்ஸே அந்தக் காலத்தில் செய்ததுதான். ஒரு கிராமஃபோன் தட்டில் சில நிமிடங்களே பதிவாகும் காலத்தில் தட்டை மாற்றி மாற்றிப் பதிவு செய்து, ஒருவருடனான எட்டுச் சந்திப்புகளை முழுசாக 1942இல் புத்தகத்தில் அச்சிட்டார். அதுவரை அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் சிகிச்சை தந்தவரின் நினைவுதான் சாட்சி. நம் நினைவு நமக்கு எப்படிச் சாதகமாக வேலை செய்யும் என்று தெரியாதா? 2012இல் வந்த ஓர் ஆய்வில் 129 உளநலத் துறையினரிடம், உங்கள் திறமை எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். கால்வாசிப் பேர் தங்களை உச்சத்தில் இருக்கும் பத்து சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அனுபவசாலிகளே இப்படியென்றால், 22 வயதில் ஒருவர் "செஷன் நல்லா போச்சு" என்று சொன்னால் அதை நம்பி நான் எப்படி மார்க் போடுவது?

வகுப்பில் பெரும்பாலும் எனக்குச் சவாலாக இருப்பவர்கள், "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எங்கிட்டதான் பிரச்சினையைச் சொல்வாங்க" என்று சொல்லிச் சேர்கிறவர்கள். அவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது, தீர்வு சொல்லும் பழக்கம். அதை இறக்கிவைக்க ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்குக் கேள்வியே கேட்கக் கூடாது. அறிவுரை கூடாது என்றால் சமாளித்துவிடுகிறார்கள், அறிவுரையைக் கேள்வியாக மாற்றி, "வாக்கிங் போய்ப் பாத்தீங்களா?" என்று. கேள்வியும் இல்லையென்றால் கையைக் கட்டிப் போட்டதுபோல ஆகிவிடும். சிலர் அந்த ஐந்து நிமிடமும் விடாமல் தலையாட்டுவார்கள், பார்க்க நமக்கே கழுத்து வலிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, வந்தவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்வது, பாதியில் நின்ற வாக்கியத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் வரும். காத்திருந்தால் பல நேரம் இரண்டாவது பாதி தானாகவே வந்துவிடுகிறது, முதல் பாதியைவிட முக்கியமானதாக.

இரண்டு இடத்தில் மட்டும் நேர் எதிராக நடந்துகொள்கிறேன். அங்கே காத்திருப்பு, நாசூக்கு எதுவும் கிடையாது, மனப்பாடமாக வர வேண்டும்.

ஒன்று ரகசியம். "நீங்க சொல்றது எதுவும் இந்த அறையைத் தாண்டாது" என்று வாக்குக் கொடுக்க எல்லா மாணவருக்கும் ஆசை. கொடுக்கக் கூடாது. ஒருவரைக் கொல்லப்போவதாகச் சிகிச்சையில் சொல்லிவிட்டு, 1969இல் அப்படியே செய்துவிட்டார் ஒருவர். கொல்லப்பட்ட பெண்ணின் பெயரால் டாரசாஃப் வழக்கு எனப்படும் அந்த வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்ன தீர்ப்பை நடத்தாத வகுப்பு இருக்காது. ஆபத்தில் இருக்கும் மூன்றாம் நபரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை உண்டு என்பது அதன் சாரம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எதெல்லாம் வெளியே போகலாம் என்பதை முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே, வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே, சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று தற்கொலை. மாணவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் இதுதான்: "தப்பா எதுவும் யோசிக்கலையே?" இதற்கு "இல்லை" என்பதைத் தவிர வேறு என்ன பதில் சொல்ல முடியும்? எதிரில் இருப்பவர் நம் பயத்தைப் புரிந்துகொண்டு நமக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஆகவே வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, குரல் தணியாமல், கண்ணைத் தாழ்த்தாமல் கேட்டுப் பழக வேண்டும்: "தற்கொலை செஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா?" முதல் தடவை பாதிப் பேருக்குக் குரல் எழும்பாது. ஆமாம் என்று பதில் வந்தால் அடுத்து என்ன கேட்பது, யாரை அழைப்பது, அவரைத் தனியே விடாமல் எப்படி ஏற்பாடு செய்வது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாயிலேயே வராத கேள்வியை நெருக்கடியில் யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லோருடைய முழுப் பதிவையும் என்னால் கேட்க முடியாது. ஐந்து நிமிடம் மட்டும் அனுப்பச் சொல்கிறேன், எது மோசமாகப் போனதோ அந்த ஐந்து நிமிடம். அதற்கே வார இறுதிகள் போய்விடுகின்றன. மாணவர்களோடு உட்கார்ந்து பதிவைக் கேட்கிற நேரம் பாடவேளைக் கணக்கில் வராது என்பதுதான் எனக்கு நிர்வாகம் தந்திருக்கும் பதில். அதே தியரியை அதே அறுபது பேர் முன்னால் ஒரு மணி நேரம் படித்துக் காட்டினால் வரும். பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று கமிட்டி போடுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கை மாற்றட்டும், புதுத் தாள்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.